ஒரே சங்கு, இரண்டு மாடி

உப்பளத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். மேற்கே நாலாம் பிறை. நானே செய்த டெலஸ்கோப்பின் தகரக் குழாயில், பக்கவாட்டுத் துளையில் வலது கண்ணை வைத்து, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல் ஒரு தினுசாக வளைந்து கிடக்கிறேன்.

பஞ்சாலைச் சங்கு ஊத ஆரம்பித்தது. இரண்டாம் ஷிஃப்ட்டுக்காரர்களின் சாப்பாட்டுச் சங்கு அது. முதலில் முனகும், பிறகு மெல்ல ஏறும், உச்சிக்குப் போய் அங்கேயே நின்று முழங்கும். அந்த உச்சியைத் தொட்ட நேரத்தில்தான் பார்த்தேன்.

நிலாவின் இருட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி பளிச்சென்றது. தாளிக்கும்போது ஒரே ஒரு கடுகு வெடித்துத் தெறிக்குமே, அந்த மாதிரி. இமைப்பதற்குள் போய்விட்டது.

இத்தனை வருஷம் காத்திருந்த ஒன்று கண்ணெதிரே நடந்தால் மனுஷனுக்குச் சந்தோஷம் அல்லவா வர வேண்டும்? எனக்கு வரவில்லை. மனசில் முதலில் எழுந்த நினைப்பு இதுதான்: 'ஆந்துவான் இதைப் பார்த்திருக்கக் கூடாது.'

அப்புறம்தான் வசந்தாவைக் கூப்பிட்டேன். என் மனைவி மாடிப்படியில் பாதி வரை வந்தவள், பிறையின் பக்கம் முகம் திரும்பிவிடாமல் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"நாலாம் பிறைய காட்டத்தான் கூப்புட்டீங்களா? நான் வரல. ஊர்ல ஒருத்தரும் பாக்க மாட்டாங்க இத," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அவள் சொன்னது உண்மை. மூன்றாம் பிறை என்றால் தெருவே வாசலில் நின்று கும்பிடும். மறுநாள் அதே நிலா வந்தால் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். பார்த்தால் பீடை என்று ஒரு பயம். அன்றைக்குப் புதுச்சேரி முழுவதும் நிலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்திருக்கக் கூடியவர்கள் இரண்டே பேர். உப்பளத்தில் நான். வடக்கே குருசுக்குப்பத்தில் அந்த ஆந்துவான்.

வெல்வெட்டில் வந்த பித்தளை

ஆந்துவானைப் பற்றி இந்தத் தொடரில் இத்தனை வாரமாக எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. எரிந்தால் எரியட்டும்.

கடைத்தெருவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் நான் லென்ஸ் தேய்க்கிற வேலையில் இருந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்தக் கடைக்குத்தான் அவன் வந்தான். வெள்ளைக் கால்சட்டை, சென்ட் வாசனை, கையில் நீளமாக ஒரு மரப்பெட்டி. திறந்தால் உள்ளே நீல வெல்வெட். வெல்வெட்டில் படுத்திருந்தது பித்தளையில் ஒரு டெலஸ்கோப்.

அவன் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிரான்ஸில் மார்செய் துறைமுகத்தில் வாங்கி வந்த சாமானாம். முன் லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தது, துடைத்துத் தரச் சொன்னான்.

துடைத்தேன். சாயங்காலம் கடையைச் சாத்தும் முன்பு, சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் பேர்வழி என்று வாசலில் நின்று நிலாவைப் பார்த்தேன். அவ்வளவுதான், போயிற்று. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கை விட மறுத்தது.

வாங்க வசதி இல்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. உடைந்த கப்பல் ஜன்னலின் தடிக் கண்ணாடி ஒன்று பழைய துறைமுகத்துப் பக்கம் கிடைத்தது. கடையில் மிஞ்சிய எமரி மாவைப் போட்டு ராத்திரி பகலாக அதைத் தேய்த்தேன். குழித்து, மெருகேற்றி, நிலைக்கண்ணாடிக்கு ரசம் பூசுகிறவரிடம் கெஞ்சி ரசம் பூசி வாங்கி, தகரக் குழாயில் பொருத்தினேன். வசந்தா அந்த நாட்களில் என் விரல் நுனிகளைப் பார்த்துவிட்டு, கையால் சாப்பிட வேண்டாம், நானே ஊட்டிவிடுகிறேன் என்று கேலி பண்ணுவாள்.

என் தகரக் குழாய் அவனுடைய பித்தளையைவிட நன்றாகவே காட்டியது. சும்மா சொல்லக் கூடாது, அவனே ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, வசந்தா கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்கு நான் இரண்டு தட்டு சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஆனால் அவனுக்குப் பிரெஞ்சு தெரியும். எனக்குத் தெரியாது. அவன் வீட்டுக்குப் பிரான்ஸிலிருந்து வானம் பார்ப்பவர்களின் பத்திரிகை கப்பலில் வரும். இரண்டு பக்கம் படித்துவிட்டு எனக்கு நாலு வரி சொல்வான். மிச்சத்தை அவனே வைத்துக்கொள்கிறான் என்று எனக்குத் தோன்றும். அந்த நாலு வரிக்காக மாதம் ஒருமுறை குருசுக்குப்பம் வரை சைக்கிள் மிதித்தேன்.

சாம்பல் பூத்த பக்கம்

அந்தப் பத்திரிகையிலிருந்துதான் விஷயம் ஆரம்பித்தது. நிலாவின் மேல் கல் விழுந்துகொண்டே இருக்கிறது என்று அவன் சொன்னான்.

பூமிக்கும் கல் வருகிறது. ஆனால் வழியிலேயே காற்றில் உரசி எரிந்துவிடும், அதைத்தான் நட்சத்திரம் விழுகிறது என்கிறோம். நிலாவில் காற்று இல்லை. வந்த வேகத்திலேயே தரையில் மோதும். மோதிய இடத்தில் ஒரு பளிச். கல் எலுமிச்சம்பழ அளவு இருந்தாலும் போதும், வேகம் அப்படி. பெரிய விண்கற்கள் மோதிய பள்ளங்கள்தான் நிலா முழுக்க இருக்கின்றனவே. அதெல்லாம் பழைய காயம். புதுக் காயம் படும்போது பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி.

வெளிச்சப் பக்கத்தில் பார்க்க முடியாது, கண் கூசும். இளம்பிறை நாட்களில், மிச்சமுள்ள இருட்டு வட்டம் பூமியின் வெளிச்சம் பட்டு சாம்பல் பூத்த மாதிரி லேசாகத் தெரியும். அங்கே பார்க்க வேண்டும். அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு திட்டு உண்டு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் மிளகு. மிளகை அடையாளம் வைத்துக்கொண்டுதான் எதையும் எங்கே என்று சொல்வோம்.

பார்த்தால் மட்டும் போதாது. அந்தப் பளிச் நிலாவில்தான் நடந்தது என்று எப்படிச் சொல்வது? நடுவில் ஒரு செயற்கைக்கோள் வெயிலில் மின்னியிருக்கலாம். நம்மை நேராகப் பார்த்து வந்த எரிகல் ஒன்று நம் தலைக்கு மேலேயே எரிந்திருக்கலாம். நகர்ந்தால் அது நிலாவில் இல்லை என்று தெரிந்துவிடும். நகராமல் ஏமாற்றுகிறவையும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்றுக்காரன் நம் கண்.

அதனால் அந்தப் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு கறாரான விதி. தூர தூரமாக இரண்டு இடத்தில் இருக்கிற இரண்டு பேர், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல், ஒரே நேரத்தில், நிலாவின் ஒரே இடத்தில் பார்த்திருக்க வேண்டும். நடுவானில் மின்னும் சாமான் இரண்டு மாடியிலிருந்து பார்த்தால் நிலாவின் வேறு வேறு இடத்தில் தெரியும். நிலாவிலேயே நடந்தது எங்கிருந்து பார்த்தாலும் ஒரே இடத்தில்தான். ஒருவன் மட்டும் பார்த்தது எண்ணிக்கையில் சேராது. அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

ஒரே நேரம் என்பதற்கு எங்களிடம் ஒழுங்கான கடிகாரம் இல்லை. என்னுடையது முந்தி ஓடும், அவனுடையது நிற்கும். அதனால் நான்தான் யோசனை சொன்னேன். பஞ்சாலைச் சங்கை வைத்துக்கொள்வோம் என்று. ஊருக்கே ஒரே சங்கு. அதைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள், பிள்ளைக்கு மருந்து கொடுப்பார்கள். சங்குக்கு முன்னா, பின்னா, எவ்வளவு என்று சொன்னால் போதும். அப்படியொரு அருமையான யோசனை சொன்னதற்காக என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

சங்குக்கு முன்னா, பின்னா

அந்தப் பளிச்சைப் பார்த்த மறுநாள் காலை ஆந்துவான் கடைக்கு வந்தான். முகம் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் எனக்கு உள்ளே இடிந்துவிட்டது.

விதிப்படி இருவரும் தனித்தனியாக ஒரு காகிதத் துண்டில் எழுதி மாற்றிக்கொண்டோம். நான் எழுதியது: சங்கு உச்சியில் ஊதிக்கொண்டிருந்தபோது. அவன் எழுதியது: பளிச்சென்றது, சிலுவை போட்டுக்கொண்டேன், அதற்குப் பிறகு சங்கு ஆரம்பித்தது.

இரண்டும் ஒன்றல்ல. ஒன்று சங்குக்கு முன்னால், ஒன்று பின்னால்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், ஐயோ, ஒத்து வரவில்லையே என்று வருத்தப்பட்டிருப்பார்கள். நாங்கள் இருவரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். பங்கு போட வேண்டியதில்லை. அவனுக்கு அவனுடையது, எனக்கு என்னுடையது. ஒன்று கல், இன்னொன்று பொய். பொய் எது என்பதுதான் மிச்சம்.

"ஒன் வீட்டுக்குப் பக்கத்துலயே புது லைட் ஹவுஸ் சுத்துதுடா தணிகா. அது ஒன் தகரத்துல அடிச்சிருக்கும்," என்றான் ஆந்துவான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒன் லென்ஸ்ல பூஞ்சைய தொடச்சவன் நான். அதுல எது வேணா மின்னும்," என்றேன்.

அத்தோடு விட்டேனா? அடுத்த பிறை நாட்களில் குழாயை அதே திசையில் வைத்து, கலங்கரை விளக்கம் ஒவ்வொரு சுற்று வரும்போதும் உள்ளே பார்த்தேன். வெளிச்சம் வந்தால் புகை மாதிரி எங்கும் பரவியது, புள்ளியாக ஒருபோதும் விழவில்லை. இதை அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் கொட்டாவி விட்டான்.

நிலாவில் எந்த இடம் என்று ஒருவருக்கொருவர் காட்டவே இல்லை. காட்டினால் மற்றவன் பார்த்து மாற்றிக்கொள்வான் என்று இருவருக்கும் சந்தேகம். நேரமே ஒத்து வராதபோது இடம் எதற்கு என்று சொல்லிக்கொண்டோம்.

அதன் பிறகு போக்குவரத்து குறைந்தது. கடற்கரைச் சாலையில் எதிரெதிரே வந்தால் தலையாட்டிக்கொள்வோம். வசந்தாவுக்கு இது பெரிய வேடிக்கை. நிலாவுக்கு வாழ்க்கைப்பட்ட சக்களத்திகள் மாதிரி இருக்கிறீர்கள் என்பாள். சிரிப்பாள், நான் எழுந்து போய்விடுவேன்.

ஆனால் தனியாக மாடியில் இருக்கும்போது அரித்தது. என் கல் நிஜம் என்று எனக்குத் தெரியும். உலகத்துக்குத் தெரிய இன்னொருவன் வேண்டும். அன்றைக்கு அண்ணாந்து பார்த்த இன்னொருவன் இந்த ஊரில் அவன் ஒருவன்தான்.

பெட்டி கட்டிய சாயங்காலம்

இரண்டு மழைக்காலம் போயிருக்கும். ஆந்துவான் குடும்பத்துக்குப் பிரான்ஸ் போகக் காகிதம் வந்துவிட்டது என்று கடையில் பேசிக்கொண்டார்கள். அங்கே மாமா வீடு, வேலை, எல்லாம் தயார். கேட்டதும் காதில் புகை வந்தது. அங்கே இருக்கிற டெலஸ்கோப்புகளை நினைத்தேன்.

ஆள் அனுப்பினான். பித்தளைக் குழாயைக் கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும், லென்ஸை வேறு யார் தொட்டாலும் அவனுக்குப் பயம், நான் வர வேண்டுமாம். போகக் கூடாது என்று இருந்தேன். சாயங்காலம் சைக்கிள் தானாகக் குருசுக்குப்பம் போய்விட்டது.

அவன் வீட்டு மாடியில் அத்தனை வருஷத்தில் அந்த நேரத்துக்கு நான் இருந்ததே இல்லை. பிறை நாட்களில் அவரவர் மாடியில் அவரவர். அன்றைக்குத்தான் முதல் தடவை. கடல் காற்று, கீழே மீன் வறுக்கும் வாசனை, பக்கத்து வீட்டில் ரேடியோ. நான் குழாயின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவன் வெல்வெட்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

ரேடியோவில் மணி காட்டும் பீப் பீப் வந்தது. அடுத்து சங்கு வர வேண்டும். பஞ்சாலையில் ரேடியோவைக் கேட்டுத்தான் சங்கை முடுக்குவார்கள். உப்பளத்தில் எங்கள் வீட்டில் பீப் முடிவதும் சங்கு முனகுவதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். வசந்தா அதை வைத்தே சாதத்தை இறக்குவாள்.

பீப் முடிந்தது. சங்கு இல்லை. அறிவிப்பாளர் வணக்கம் சொன்னார். சங்கு இல்லை. அவர் ஒரு முழு வாக்கியம் படித்தார். அதற்குப் பிறகுதான், தெற்கே தூரத்தில், நோஞ்சானாக அது முனக ஆரம்பித்தது.

கையில் இருந்த திருகு நழுவி விழுந்தது.

மின்னல் முன்னால், இடி பின்னால். மழையில் நனைகிற பொடிசுக்குக்கூடத் தெரியும். வெளிச்சம் உடனே வரும், சத்தம் நடந்து வரும். ஊருக்கே ஒரே சங்குதான், ஆனால் அது ஊருக்கே ஒரே நேரத்தில் கேட்பதில்லை. பஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிற உப்பளத்துக்கு முதலில் வந்துவிடுகிறது. அங்கே அது உச்சியில் முழங்கும் அதே நேரத்தில், இங்கே வந்து சேர்வதற்குள், ஒருவன் பளிச்சைப் பார்த்து, சிலுவையும் போட்டுக்கொள்ளலாம்.

சொல்லவா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றேன். சொன்னால் என் கல் நிஜமாகிவிடும். சொன்னால் அதில் பாதி அவனுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் முழுசும் எனக்கே, ஆனால் அது எங்கேயும் எண்ணிக்கையில் சேராது. அந்த ஒரு கணத்தில் எனக்கு அவன் மேல் வந்த பொறாமை மாதிரி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. என் வாழ்க்கையின் ஒரே அதிசயம் அவன் வாயில் இருந்தது.

"டேய், சங்கு இங்க லேட்டா வருதுடா," என்றேன்.

அவன் முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு தெற்கே பார்த்தான். பிறகு மெல்ல உட்கார்ந்துவிட்டான்.

எழுந்து மாடி விளக்கைப் போட்டு, ஒரு செங்கல் துண்டை எடுத்து இரண்டாக உடைத்தான். ஒன்றை என்னிடம் நீட்டினான். மாடியில் சதுரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அவன் அதன் கிழக்குச் சுவர்ப் பக்கம் போனான், என்னை மேற்குச் சுவர்ப் பக்கம் போகச் சொன்னான். குழாயில் தெரிகிற மாதிரி நிலாவைப் போடு, மிளகைப் போடு, அப்புறம் நீ பார்த்ததைப் போடு என்றான். இருவர் குழாயும் நிலாவைத் தலைகீழாகத்தான் காட்டும், அதில் வம்பில்லை.

வட்டம் போட்டேன். பிறையைப் போட்டேன். மிளகைப் போட்டேன். புள்ளி மட்டும் பாக்கி. இரண்டு வருஷமாகக் கண்ணை மூடினால் தெரிகிற இடம்தான், ஆனாலும் மிளகிலிருந்து இரண்டு தடவை விரலால் அளந்து பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

இடம் மாறிப் பார்த்தோம். மிளகிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கொஞ்சம் கீழே. அவன் சுவரிலும் அங்கேதான், என் சுவரிலும் அங்கேதான். அவன் தன் புள்ளியை விரலால் தொட்டான். பிறகு இந்தப் பக்கம் வந்து என் புள்ளியைத் தொட்டான்.

கட்டிப் பிடித்துக்கொண்டோம் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவன் கேட்டான்:

"அப்ப யாரு மொதல்ல பாத்தது?"

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துலதான்டா. அதான கணக்கு," என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அகரவரிசை

பிரான்ஸ் போனதும் அவன் அந்தப் பத்திரிகைக்கு எழுதினான். அதில் போட்டார்கள். ஒரு இதழ் எனக்கும் அனுப்பியிருந்தான். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இரண்டே வரி. நிலாவில் மோதல், புதுச்சேரியில் இரு இடங்களிலிருந்து பார்க்கப்பட்டது, பார்த்தவர்கள் இன்னார் இன்னார். அவன் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவதாக. வசந்தா அவர்களுடைய அகரவரிசையில் அப்படித்தான் வரும் என்று சமாதானம் சொன்னாள். அகரவரிசையிலும் அவன்தான் முந்துகிறான் பாருங்கள். அந்த இதழைப் பரணில் போட்டுவிட்டேன்.

நான் மாடியை விடவில்லை. கடை கைமாறியது, நான் வேறு கடைக்குப் போனேன், தகரக் குழாய்க்குப் புதுத் தகரம் போட்டேன். பிறை நாட்களில் மட்டும் அந்தத் துளையில் கண்.

சில வருஷம் கழித்து, மறுபடியும் ஒரு நாலாம் பிறை. சங்குக்கெல்லாம் சம்பந்தமே இல்லாத நேரம். சாம்பல் பக்கத்தில், இந்தத் தடவை மிளகுக்கு ரொம்ப மேலே, பளிச். முன்னதைவிடப் பிரகாசம். நகரவில்லை. பரவவில்லை. அப்பட்டமான புள்ளி.

படியில் தடதடவென்று இறங்கினேன். வசந்தா எங்கே போகிறீர்கள் என்று கேட்டது காதில் விழுந்தது. சைக்கிளை எடுத்தேன். கடற்கரைச் சாலையில் காற்று எதிரே தள்ள, மூச்சிரைக்க மிதித்தேன். அவன் பார்த்திருக்கக் கூடாது என்று இந்தத் தடவை ஒருமுறைகூட நினைக்கவில்லை. பார்த்திருக்க வேண்டும், பார்த்திருக்க வேண்டும் என்று மிதித்தேன்.

அந்த வீட்டின் முன்னால் போய் நின்ற பிறகுதான் நினைப்பு வந்தது. மாடியில் வரிசையாகப் பள்ளிக்கூடச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. குடியிருந்தவர் வெளியே வந்து யார் வேண்டும் என்று கேட்டார்.

"ஆந்துவான் இருக்காரான்னு பாக்க வந்தேன்," என்றேன்.

அவர்கள் பிரான்ஸ் போய் வருஷக்கணக்கில் ஆகிறதே என்றார் அவர், என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு. தெரியும் என்று தலையாட்டினேன்.

இங்கே இருட்டிவிட்டிருந்தது. அங்கே அவனுக்குப் பட்டப்பகல், எந்த டெலஸ்கோப்பை வைத்தாலும் அந்தச் சாம்பல் பக்கம் தெரியாது. அவனிடம் இல்லாத ஒன்று முதன்முதலாக என்னிடம் முழுசாக இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உப்பளம் வரை நடந்தே வந்தேன்.